வியாழக்கிழமை அறைக்கு ஓர் ஆமென்

சத்தியம் ஆண்டவரே, இனி நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். வாய் மூடித்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளுக்குள் தொண்டை கிழியத்தான் சொல்கிறேன். சத்தியம் செய்வது உமக்குப் பிடிக்காது, தெரியும். என்ன செய்ய, இந்தப் பர்னபாஸ் வாயைத் திறந்தால் பாதி காற்று பாதி கப்சா என்று இந்தச் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள், அதனால் உம்மிடமும் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து சங்கிலி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். நான் இடது கண்ணை ஒரு நூல் அளவு திறந்து வைத்திருக்கிறேன். மில்லில் ஃபிட்டராக இருந்தவன், ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி எனக்குப் பழக்கமில்லை. இந்த வட்டமும் ஓடுகிற மெஷின்தான். எதிரே பாஸ்டர் பெனாயா, சின்ன வயசு, பெங்களூரில் வேதாகமக் கல்லூரி படித்துவிட்டு வந்தவர், நெற்றியில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார், தலைவலியா ஜெப பாரமா என்று தெரியவில்லை. வலது பக்கம் சிஸ்டர் பாக்கியவதி, பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, முக்காடு மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கிறது, உள்ளே கண் மூடியிருக்கிறதா என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. இடது பக்கம் மூப்பர் அருமைநாயகம், டெலிபோன் ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிச் சீமையில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், நான் இப்போது கண்ணைத் திறந்திருப்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அது அவருக்குத் தெரியுமென்றால் அவர் கண்ணும் திறந்திருக்க வேண்டும். ஃபேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிறார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் மாரியம்மன் கோயிலில் மைக் செட் சோதனை போடுகிறான், ஹலோ ஹலோ என்று. இதற்கு நடுவில் எதற்கு ஜெபம் என்றால், ஜெபமே இல்லை ஆண்டவரே, பஞ்சாயத்து. பின்னறையில் வியாழக்கிழமை சாயங்காலம், வீடு வீடாகப் பிரசங்கிக்க வரும் மார்மன் சபைப் பையன்களோடு பாஸ்டர் உட்கார்ந்து பேசுவதை நிறுத்துவதா தொடர்வதா. பாஸ்டருக்கு அது வேலைப் பிரச்சினை, மூப்பருக்கு உபதேசப் பிரச்சினை. எனக்கு அது என் அப்பன் பிரச்சினை. அது உமக்குத் தெரியும், இவர்கள் ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

எங்கள் சபையில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை, உமக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. அது உலகத்தார் முறை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்போம், யாருடைய ஜெபத்துக்கு மற்ற எல்லாரும் வாய் திறந்து ஆமென் சொல்கிறார்களோ அதுதான் உம்முடைய சித்தம் என்று எழுந்து போய்விடுவோம். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இருபது வருஷமாக இந்த வட்டத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும் இது எப்படிப்பட்ட கில்லாடி வேலை என்று. வேண்டியதை நேரே கேட்க மாட்டார்கள். மூட்டையாகக் கட்டுவார்கள். மழை, வியாதிக்காரர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், இதற்கெல்லாம் நடுவில் தங்கள் காரியத்தைச் செருகி, கடைசியில் இயேசுவின் நாமத்தைச் சொல்லி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆமென் சொல்லாவிட்டால் வியாதிக்காரருக்கும் நீ விரோதி. போன வருஷம் சபைக்கு ஏ.சி. வந்ததே அப்படித்தான், ஒரு மூளைக்கட்டி ஆபரேஷனுக்கும் காஷ்மீர் எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்கும் நடுவில் வந்தது, யாரால் மறுக்க முடிந்தது. பாஸ்டருக்கு இந்த வித்தை இன்னும் கைவரவில்லை. சற்று முன் முதலில் ஜெபித்தார், பச்சைப்பிள்ளை மாதிரி நேராக ஜெபித்தார். அவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச எங்களுக்குத் தைரியம் தாரும், அவர்கள் நம்புவதை அவர்கள் வாயாலேயே கேட்கவும், நாங்கள் நம்புவதை வெட்கப்படாமல் சொல்லவும் உதவி செய்யும் என்றார். சிஸ்டர் ஆமென் என்றார். நானும் சொன்னேன். மூப்பர் இருமினார். அந்த இருமல் எனக்கு நன்றாகத் தெரியும், சளி இல்லாத இருமல், ஆமென் வர வேண்டிய இடத்தில் வரும். இருமியவர் ஆமென் சொல்லவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது, சொன்னார் என்று சாதிக்கவும் முடியாது. பாஸ்டர் ஜெபம் அதோடு செத்தது. அப்புறம் சிஸ்டர் அழுதுகொண்டே ஜெபித்தார். என்ன கேட்டார் என்று யாருக்கும் புரியவில்லை, எல்லாரும் ஆமென் சொன்னோம்.

இப்போது மூப்பர் முறை. ஆரம்பித்துவிட்டார். சர்வ வல்லமையுள்ள தேவனே என்று ஆரம்பித்தால் நீளம், அன்பின் பிதாவே என்றால் குட்டை. இன்றைக்கு சர்வ வல்லமை. உலகம் உண்டாவதற்கு முன்னால் இருந்து தொடங்கியிருக்கிறார், சிங்காநல்லூர் வந்து சேர நேரமாகும். அது வரைக்கும் உம்மோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பையன்களை எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, நெஞ்சில் கறுப்பு அட்டையில் பேர், இந்த வெயிலில் சைக்கிள். ஒருத்தன் அமெரிக்காக்காரன், ஹேன்சன், முகம் வெந்த கிழங்கு மாதிரி சிவந்திருக்கும். இன்னொருத்தன் ராஜமுந்திரிப் பையன், கொம்மு, சுமாராகத் தமிழ் பேசுவான். இரண்டு பேருக்கும் இருபது வயது ஆகியிருந்தால் அதிகம், ஆனால் எல்டர் ஹேன்சன், எல்டர் கொம்மு. எல்டர் என்றால் மூப்பர். நம் அருமைநாயகம் மூப்பர் ஆவதற்கு ஐம்பத்தெட்டு வயது வரை காத்துக்கிடந்தவர், மீசை முளைக்காத மூப்பர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வராதா. அவருடைய கோபத்தில் கால்வாசி அதுதான் என்பது என் சந்தேகம். மீதி முக்கால்வாசி நிஜமான கோபம், அதை நான் மறுக்கவில்லை. போன கமிட்டியில் அவர் சொன்னது என் காதில் இன்னும் நிற்கிறது. அவர்களும் பிதா என்கிறார்கள், இயேசு என்கிறார்கள், இரட்சிப்பு என்கிறார்கள், சொல் எல்லாம் நம்முடையது, உள்ளே இருக்கும் சரக்கு வேறு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் படிக்காத ஜனம் இரண்டும் ஒன்று என்றுதான் நினைக்கும், ஓநாயை விருந்துக்குக் கூப்பிட்டு ஆட்டுக்கு அறிமுகப்படுத்துகிறீர்களா பாஸ்டர் என்று கேட்டார். பாஸ்டர் அதற்கு, நாம் அவர்களைப் பற்றிப் பரப்புகிற கதைகளில் பாதி பொய், பொய்யை வைத்து நம் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்றார். பாதி பொய் என்று சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். அது நியாயமில்லை ஆண்டவரே. அவர்கள் சைக்கிள் சக்கரம் மண்ணில் தடம் பதிப்பதில்லை என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்கு.

ஒரு நாள் என் வீட்டுக்கும் வந்தார்கள். பாஸ்டர் விலாசம் கொடுத்திருக்கிறார், வயசானவர், பேச்சுத்துணை இல்லாதவர் என்று. எனக்கா பேச்சுத்துணை இல்லை. மருமகள் டீ போட்டுக் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றார்கள். காபி, வேண்டாம். அவர்கள் மதத்தில் இரண்டும் ஆகாதாம். வீட்டுக்கு வந்து டீ குடிக்காதவனை நான் நம்பியதே கிடையாது. மில்லில் ஒருத்தன் எங்கள் லைனில் டீ வேண்டாம் டீ வேண்டாம் என்று ஆறு மாதம் திரிந்தான், கடைசியில் பார்த்தால் மேனேஜருடைய ஆள். மருமகள் நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்தாள், மடமடவென்று குடித்தார்கள். அதற்கப்புறம் எனக்கும் கொஞ்சம் இறங்கியது. என் அப்பன் கதையை எடுத்துவிட்டேன். காளியண்ணன் என்றால் பல்லடம் வரைக்கும் தெரியும், கிணறு வெட்டுகிறவர், பாறையில் காதை வைத்துத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று சொல்வார், ஒரு தடவை அவர் வெட்டிய கிணறு எவ்வளவு ஆழம் போனதென்றால் அடியில் நின்று கேட்டால் அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒருத்தன் தும்முவது கேட்கும் என்றேன். கொம்மு சிரித்தான். ஹேன்சன் சிரிக்கவில்லை, அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். பாவம் என்று தோன்றியது. இவ்வளவு நம்புகிறவன் எப்படி ஓநாயாக இருக்க முடியும். அப்புறம் நினைத்தேன், நம்புகிற மாதிரி நடிப்பதுதானே ஓநாயின் முதல் வேலை. அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் அதன் பாட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. அப்பன் உம்மை அறியாமல் செத்தார், அவர் எங்கே இருப்பார்.

அதை முதன்முதலில் கேட்டது பழைய பாஸ்டரிடம், அப்பன் செத்த புதிதில். எங்கே இருப்பார் என்று உங்களுக்கே தெரியுமே பிரதர் என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார். அதற்கடுத்து வந்தவர் அப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்றார். பெனாயாவிடம் போன வருஷம் கேட்டேன், எனக்குத் தெரியாது அய்யா என்றார். அந்தத் தெரியாதில் எனக்கு ஆறுதலும் வந்தது, சம்பளம் வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா என்ற சந்தேகமும் வந்தது. ராஜமுந்திரிப் பையன் மட்டும் உடனே பதில் வைத்திருந்தான். செத்துப் போனவங்களுக்கும் வழி இருக்கு தாத்தா, அவங்களுக்குப் பதிலா குடும்பத்தில் ஒருத்தர் தண்ணீரில் இறங்குவாங்க, அங்கே அவங்க விருப்பம், ஏத்துக்கலாம், வேண்டாம்னு சொல்லலாம் என்றான். குடும்பத்தில் ஒருத்தர் என்றால் யார் என்று கேட்டேன். நீங்கதான், ஆனா முதல்ல நீங்க எங்க சபைக்கு வரணும் என்றான். பார்த்தீரா தூண்டிலை. புழு மட்டும் என்ன கொழுப்பாக இருந்தது. என் அப்பனைத் தண்ணீரில் இறக்க இன்னொருத்தன் எதற்கு, வாழ்நாள் முழுக்க இடுப்பளவு ஊற்றுத் தண்ணீரில் நின்றவர். நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு அவர் வந்திருந்தார், அது இவர்களுக்குத் தெரியாது. தோட்டத்துத் தொட்டியில் முழுக்கு. அதற்கு முந்தின வாரம்தான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்திருந்தார், வேப்பிலை வைத்துப் பிடித்தும் உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தது. இவர் வந்து கலாட்டா செய்யப்போகிறார் என்று பழைய பாஸ்டருக்கு உதறல். அப்பனோ என் சட்டையையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் அந்தக் கறுத்த கையால் தலையைத் துவட்டினார். ஈரத்தோட நிக்காத கண்ணு, சாமி எங்கேயும் போயிராது, முதல்ல சட்டையைப் போடு என்றார். அவ்வளவுதான். சாகும்போது நெற்றியில் திருநீறு. அதைத் துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, துடைக்கவில்லை. துடைத்திருக்க வேண்டுமோ. துடைத்திருந்தால் மட்டும் என்ன. அந்தப் பையன் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும், எனக்கு அது பொய் என்றுதான் படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மோர் குடிக்காமல், முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது அவன் ஒருத்தன்தான். வியாழக்கிழமை அந்த அறையில், ஞாயிறு பள்ளிக்குப் படம் ஒட்டிக் காட்டும் உடைந்த பிளானல் போர்டுக்கும் பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் நடுவில், அது ஏன் பொய் என்று பாஸ்டர் அவனுக்குச் சொல்ல வேண்டும், பதிலுக்கு எது மெய் என்று எனக்குச் சொல்ல வேண்டும். அறையைப் பூட்டிவிட்டால் இரண்டும் நடக்காது. எனக்கும் எழுபத்தைந்து தாண்டியாயிற்று.

குரல் மாறுகிறது. மூப்பர் சிங்காநல்லூருக்கு வந்துவிட்டார். நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். எங்கள் சகோதரி பாக்கியவதியின் மருமகளுக்குச் சுகப்பிரசவம் தாரும். கட்டியாயிற்று, சிஸ்டரைக் கட்டியாயிற்று, முக்காடு ஆடுகிறது. எங்கள் மூத்த சகோதரர் பர்னபாஸின் முட்டிவலியை இப்பொழுதே தொட்டுச் சுகமாக்கும். என் முட்டியைக் கூடவா ஆண்டவரே. இவரிடம் என் முட்டியைப் பற்றி எவன் சொன்னது, மருமகளாகத்தான் இருக்கும். கள்ள உபதேசத்துக்குத் திறந்திருக்கிற கதவுகளை உம்முடைய கரமே அடைக்கட்டும், எங்கள் இளம் ஊழியரை வஞ்சனையிலிருந்து காத்துக்கொள்ளும், மழையைக் கட்டளையிடும், இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். முடிச்சு விழுந்தது. சிஸ்டர் விம்மிக்கொண்டே ஆமென். பாஸ்டர் நெற்றியிலிருந்து விரலை எடுக்காமல், உதட்டுக்குள், அவரும் ஆமென். பேறுகாலப் பெண்ணை அவர் எப்படிக் கைவிடுவார். இனி நான் ஒருத்தன் பாக்கி. மூன்று பேரும் காத்திருக்கிறார்கள், ஃபேன் கூட நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. என் முட்டி நிஜமாகவே வலிக்கிறது, சத்தியமாக. இருமலாமா என்று பார்த்தேன், இருமல் அவருடைய சொத்து. சரி என்று ஆமெனை விழுங்கிவிட்டு, கடைசி ஆள் நான்தானே, அப்படியே என் ஜெபத்தைத் தொடங்கிவிட்டேன், அன்பின் பிதாவே என்று.

உமக்குத்தான் தெரியுமே நான் என்ன திட்டம் வைத்திருந்தேன் என்று. ஒரு நல்ல கொழுத்த மூட்டை கட்ட வேண்டும், மூப்பருடைய சர்க்கரை வியாதி, சிஸ்டர் மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை, சபைக்குக் காம்பவுண்டுச் சுவர், இதற்கெல்லாம் அடியில் வியாழக்கிழமை அறை. பாதி வரைக்கும் சரியாகத்தான் போனேன். காம்பவுண்டுச் சுவரில் வாய் நின்றுவிட்டது. மைக் செட்காரன் அந்த நேரம் பார்த்துத் தீச்சட்டிப் பாட்டைப் போட்டான், அதுவும் ஒரு காரணம். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "ஆண்டவரே, எங்கப்பன் காளியண்ணன், கிணறு வெட்டினவரு. உம்மை அவருக்குத் தெரியாது, அவரை உமக்குத் தெரியும். எங்கே வச்சிருக்கீரோ, அவரை நினைச்சருளும். அதை வாய்விட்டுக் கேட்க இந்தச் சபையில எனக்கு ஒரு இடம் இருக்கோணும். அந்த அறையைப் பூட்டாம வையும்." நாமத்தைச் சொன்னேன், ஆமென் என்றேன். மூட்டை இல்லை, முடிச்சு இல்லை, வெறும் கையாகப் போட்டுவிட்டேன். எங்கள் உபதேசத்தில் செத்தவருக்காக ஜெபிக்கக்கூடாது. செத்த நிமிஷமே கதவு சாத்தியாயிற்று, அதற்கப்புறம் கேட்பதெல்லாம் வேறு சபைக்காரர் வேலை. மார்மன்களோடு பேசியதன் பலனைப் பார்த்தீர்களா என்று மூப்பர் எழுந்து நின்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா. அந்தப் பையன்களுக்கும் பாஸ்டருக்கும் நானே என் கையால் குழி வெட்டிவிட்டேன், கிணறு வெட்டினவர் மகன். சிஸ்டரிடமிருந்து ஆமெனில் பாதி வந்து நின்றது. பாஸ்டரைப் பார்த்தேன், இந்தத் தடவை இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தேன். உதடு அசையவில்லை. எனக்குத் தெரியாது அய்யா என்று அன்றைக்கு அவ்வளவு நேர்மையாகச் சொன்ன உதடு. மூப்பர் முன்னால் இதற்கு ஆமென் சொன்னால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பயம் இருக்கும். பயம் இல்லை, உபதேசப்படி தப்பு என்று நிஜமாகவே நினைத்தும் இருக்கலாம். எதுவென்று நான் என்னத்தைக் கண்டேன். இருமலுக்காகக் காத்திருந்தேன். இடது பக்கமிருந்து, தாழ்ந்த குரலில், இழுத்து, முழுசாக ஓர் ஆமென் வந்தது.

அருமைநாயகம். கண்ணை மூடியே இருந்தார், நிஜமாக மூடியிருந்தார், இமை இறுகி நடுங்கியது, கை இரண்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. பழக்க தோஷத்தில் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன், வாழ்நாள் முழுக்க ஆமென் சொன்ன வாய், நாமத்தைக் கேட்டதும் தானாகத் திறந்துகொண்டது. அப்புறம், இல்லை, இது பொறி, எனக்கு ஆமென் சொல்லி என்னை இன்னும் ஆழமாக இறக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் புத்தி போய்ப் போய்த் திரும்பி வரும்போதுதான் அவருடைய மூத்த மகன் ரூபன் ஞாபகத்துக்கு வந்தான். ஓசூர் ரோட்டில் பைக் விபத்தில் செத்துப்போனவன். அதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்கு இதில் நம்பிக்கை இல்லப்பா என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருந்தான், சபைக்கே தெரியும். அடக்கத்துக்கு வேறு யாரையும் விடாமல் அருமைநாயகமே செய்தி கொடுத்தார். உயிர்த்தெழுதலைப் பற்றிக் கணீரென்று பேசினார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்ன கல்மனசு என்று நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டோம். அந்தச் செய்தியில் ஒரு தடவை கூட அவர் மகன் பேரைச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இத்தனை வருஷம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

பாஸ்டர் அவசரமாக முடித்துவைத்தார். ஒருமனம் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் மறுபடி கர்த்தர் பாதத்தில் அமர்வோம், அது வரைக்கும் இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். அறை தப்பித்தது, ஒரு மாதத்துக்கு. என் முகத்தைப் பார்க்காமல் வேதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே மூப்பர். சிஸ்டர் ஸ்கூட்டியில் ஏறிப் போகும் வரைக்கும் செருப்பு வாரைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்தே நின்றார். அது வாரே இல்லாத செருப்பு.

"ஒரு நிமிசம் நில்லும் வே" என்றார். "நீரு கேட்டதை அந்தப் பையங்ககிட்டயும் கேட்டீராக்கும். என்ன சொன்னானுவ?"

என் நாக்கு நுனியில் நாலு கதை ரெடியாக இருந்தது ஆண்டவரே, ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது. நல்லதாக ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தால் மனுஷன் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒன்றையும் எடுத்துவிடவில்லை. "நான் சொன்னா கப்சாம்பீங்க. வியாழக்கிழமை வந்து நீங்களே கேளுங்க, பக்கத்துல பாஸ்டரும் இருப்பாரு, எது சரி எது தப்புன்னு அங்கேயே பேசிக்கலாம்" என்றேன்.

"அங்கெல்லாம் நான் வரமாட்டேன்" என்றார். கேட்டைத் திறந்தார், கொக்கியைப் பிடித்தபடி நின்றார். "எத்தனை மணிக்கு உக்காருவாவ?"

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வருவார் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்கத்தான் வருகிறாரா, கேட்கிற சாக்கில் வேவு பார்க்க வருகிறாரா என்ற சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆமென் கள்ள ஆமென் இல்லை. இவ்வளவு தூரம் சொன்னவன் மீதியையும் சொல்லிவிடுகிறேன், நான் நிற்கிற பஸ் ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அந்தப் பையன் ரூபன், அருமைநாயகம் மகன், நெட்டையாக இருப்பான், ஒரு வாலிபர் கூட்டத்தில் கிடார் வாசித்தபோது என் கப்சாவுக்கு விழுந்து விழுந்து சிரித்தவன். அவனையும் பார்த்துக்கொள்ளும். அவன் அப்பா இன்றைக்கு முழங்கால் போட்டதும் உம்மிடம் சுற்றி வளைத்து விசாரிப்பார், என் மகன் பேரை உம்மிடம் எடுத்தது யார் என்று. காற்று வாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடும் ஆண்டவரே. பர்னபாஸ் பேர் மட்டும் வேண்டாம்.